ஆண்டுதோறும் இடம் மாறும் ஈஸ்டர்... வெளியூரில் வேலை பார்க்கும் தென்காசிக்காரர்கள் பெரிய வியாழனைத் தவறவிடுவது ஏன்?

சென்னையில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால், காலையில் தென்காசியில் இறங்கிவிடலாம். புனித வெள்ளி அரசு விடுமுறை. அதனால் வியாழக்கிழமை ஆபீஸ் முடித்துவிட்டு இரவு ரயில், ஞாயிறு மாலை திரும்பும் ரயில். வெளியூரில் வேலை பார்க்கும் தென்காசி வட்டாரக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பலருக்கும் ஈஸ்டர் திட்டம் என்றால் இதுதான்.

ஆனால், இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரயிலைப் பிடிக்க ஓடும் அந்த வியாழன் மாலையில்தான், ஊர் ஆலயத்தில் ஆண்டின் மிக முக்கியமான வழிபாடுகளில் ஒன்று நடக்கும். அன்றைக்கு அரசு விடுமுறை கிடையாது. ஈஸ்டர் தேதி வேறு ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரு வருஷம் பத்தாம் வகுப்புத் தேர்வு, இன்னொரு வருஷம் தேர்தல் என ஏதோ ஒன்று குறுக்கே வந்து நிற்கும்.

இது ஏன் நடக்கிறது? தவிர்க்கவே முடியாதா? விரிவாகப் பார்க்கலாம்.

அந்த ஒரு வாரத்தில் என்ன நடக்கும்?

தென்காசி மாவட்டத்தில் சுரண்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம், நல்லூர் வட்டாரங்களில் சி.எஸ்.ஐ. சபைகள் உண்டு. கத்தோலிக்கப் பங்குகளும் இருக்கின்றன. பெயர்களும் முறைகளும் கொஞ்சம் மாறினாலும், இரண்டு தரப்புக்கும் அடிப்படைக் காலண்டர் ஒன்றுதான்.

சாம்பல் புதனில் தொடங்குவது 40 நாள் தவக்காலம். சி.எஸ்.ஐ.காரர்கள் லெந்து காலம் என்பார்கள். ஞாயிறுகளை இதில் கணக்கெடுப்பதில்லை. அவற்றையும் சேர்த்தால் ஈஸ்டருக்கு முந்தைய நாள் வரை 46 நாள்கள்.

கடைசி வாரம் குருத்தோலை ஞாயிறோடு தொடங்கும். சிறுவர் முதல் பெரியவர் வரை கையில் ஓலையுடன் ஊர்வலம் போவார்கள். வியாழன் மாலையில், இயேசு தன் சீடர்களோடு உண்ட கடைசி இரவு உணவின் நினைவு. கத்தோலிக்க ஆலயங்களில் பாதிரியார் பங்கு மக்களின் பாதங்களைக் கழுவுவார். சி.எஸ்.ஐ. ஆலயங்களில் திருவிருந்து ஆராதனை.

வெள்ளியன்று கத்தோலிக்கர்கள் சிலுவைப் பாதை போவார்கள். திருப்பலி அன்று கிடையாது. சி.எஸ்.ஐ. சபைகளில் பகல் 12 முதல் 3 மணி வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகள் மீதான தியானம் நடக்கும். தென்மாவட்டங்களில் பல ஆலயங்களில் அன்று கஞ்சி ஊற்றுவார்கள். சனிக்கிழமை இரவில் கத்தோலிக்கர்களின் பாஸ்கா திருவிழிப்பு. ஞாயிறு அதிகாலை இருட்டோடு இருட்டாக சி.எஸ்.ஐ. ஆலயங்களில் மணி அடித்துவிடும்.

ஆக, இது நான்கு நாள் தொடர் நிகழ்வு. வியாழனை விட்டுவிட்டு வெள்ளியில் இருந்து போவது, கதையைப் பாதியில் இருந்து கேட்பதுபோல என்பது பெரியவர்களின் ஆதங்கம்.

தேதி ஏன் மாறுகிறது?

கிறிஸ்துமஸ் சூரியக் கணக்கு. எப்போதும் டிசம்பர் 25. ஈஸ்டர் அப்படியில்லை. அதில் சூரியன், நிலா, வாரக் கிழமை மூன்றும் சேர வேண்டும். இரவும் பகலும் சமமாக இருக்கும் நாளாக மார்ச் 21-ஐ திருச்சபை வைத்துக்கொள்கிறது. அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை எடுத்து, அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். பௌர்ணமியே ஞாயிறில் வந்தால், அடுத்த வாரம். இங்கே பௌர்ணமி என்பது வானத்தில் பார்ப்பது அல்ல, திருச்சபையின் அட்டவணைக் கணக்கு. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் வித்தியாசம்தான் இருக்கும்.

இதனால் ஈஸ்டர் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் வரலாம். ஈஸ்டர் எல்லாத் திருச்சபைகளுக்கும் ஒரே நாளில் வர வேண்டும் என்று தீர்மானித்தது கி.பி. 325-ல் கூடிய நைசீயா சங்கம்.

பங்குனி உத்திரம் பார்த்துப் பழகிய தென்காசிக்கு இந்தக் கணக்கு ஒன்றும் புதிது இல்லை. அதுவும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். 2024-ல் மார்ச் 25 பங்குனி உத்திரம், மார்ச் 31 ஈஸ்டர். இரண்டுக்கும் ஒரே நிலா.

எது விடுமுறை, எது இல்லை?

புனித வெள்ளி மத்திய, மாநில அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை. வங்கிகளும் பங்குச் சந்தையும் இயங்காது. சாம்பல் புதனும் பெரிய வியாழனும் தமிழக அரசு ஊழியர்களுக்கு வரையறுக்கப்பட்ட விடுப்புப் பட்டியலில் வருகின்றன. தேவைப்படுபவர் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். அலுவலகம் திறந்துதான் இருக்கும்.

தனியார் நிறுவனம் என்றால்? இங்கேதான் பலருக்கும் தெரியாத விஷயம் இருக்கிறது. 1958-ம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டப்படி, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை கட்டாயம். இவை தவிர ஐந்து பண்டிகை நாள்கள் தர வேண்டும். பொங்கல், தீபாவளி போன்றவை போக, அந்த ஐந்தில் புனித வெள்ளி இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெரிய வியாழனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சொந்த லீவுதான்.

மாதச் சம்பளக்காரர்களுக்காவது அந்த லீவு உண்டு. தென்காசி மாவட்டத்தில் ஏராளமான பெண்களுக்குப் பிழைப்பு பீடி சுற்றுவது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. சுற்றாத நாளுக்குக் கூலி இல்லை. வியாழன், வெள்ளி, சனி என ஆலயத்தில் உட்காரும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்கு வருமான இழப்புதான்.

குற்றாலத்தின் கதை வேறு. அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் சீசன். மார்ச், ஏப்ரலில் அருவிகளில் தண்ணீர் குறைந்து பாறை தெரியும். சீசனை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அப்போது நேரம் கிடைக்கும், கையில் காசு இருக்காது.

எப்போதெல்லாம் மோதியது?

2019 மக்களவைத் தேர்தல் நல்ல உதாரணம். தமிழகத்தில் வாக்குப்பதிவு ஏப்ரல் 18. அன்று பெரிய வியாழன். மாலையில் வழிபாடு நடத்த வேண்டிய வளாகங்களில் இருக்கும் பள்ளிகள் பலவும் அன்று வாக்குச்சாவடிகள். தேதியை மாற்றச் சொல்லி கிறிஸ்தவ அமைப்புகள் கேட்டன. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தேதி மாறவில்லை.

அதே ஏப்ரல் 18-ல் மதுரையில் சித்திரைத் தேரோட்டம். மறுநாள் கள்ளழகர் வைகையில் இறங்கினார், அன்றுதான் புனித வெள்ளி. அதாவது, ஒரே சித்திரை பௌர்ணமிதான் இரண்டு விழாக்களையும் அந்த வாரத்தில் கொண்டுவந்து வைத்தது. மதுரைத் தொகுதிக்கு மட்டும் வாக்குப்பதிவு நேரம் இரவு 8 மணி வரை இரண்டு மணி நேரம் நீட்டிக்கப்பட்டது.

2024-ல் தேர்வுகள். பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு மார்ச் 28, பெரிய வியாழன். கணிதத் தேர்வு ஏப்ரல் 1, ஈஸ்டருக்கு மறுநாள் காலை. அந்த ஆண்டு ஈஸ்டர் ஞாயிறு மார்ச் 31 நிதியாண்டின் கடைசி நாளும்கூட. அரசுக் கணக்குகளைக் கையாளும் வங்கிக் கிளைகள் அன்று திறந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

அதிகாரிகள் தரப்பில் என்ன நியாயம்?

அவர்களுக்கும் நெருக்கடி இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் பங்குனி உத்திரம், சித்திரைத் திருவிழா, தமிழ்ப் புத்தாண்டு, சில ஆண்டுகளில் ரமலான், இவற்றுக்கு நடுவே பொதுத்தேர்வுகள். நாடு முழுக்கப் பல கட்டங்களாக நடக்கும் தேர்தலில் எந்தத் தேதியை எடுத்தாலும் யாருக்காவது இடிக்கும். வாக்களிக்கச் சில நிமிடம் போதும், பிறகு ஆலயத்துக்குப் போகலாமே என்ற வாதத்திலும் அர்த்தம் இருக்கிறது.

ஆனால், அந்த வாதம் வாக்காளருக்குப் பொருந்தும். வாக்குச்சாவடிப் பணிக்குப் போகும் ஆசிரியருக்குப் பொருந்தாது. அவர் முந்தைய நாளே கிளம்பி, எல்லாம் முடிந்து வீடு திரும்ப நள்ளிரவு ஆகிவிடும்.

தேதியை நிரந்தரமாக்க முடியாதா?

முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஏப்ரல் இரண்டாவது சனிக்கு அடுத்த ஞாயிறு என்று நிர்ணயிக்க பிரிட்டன் 1928-ல் சட்டமே போட்டது. இன்று வரை நடைமுறைக்கு வரவில்லை. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளில் பெரும்பாலானவை பழைய ஜூலியன் காலண்டரைப் பின்பற்றுவதால், அவர்களின் ஈஸ்டர் பல ஆண்டுகளில் வேறு நாளில் வருகிறது. 2025-ல் இரண்டும் ஏப்ரல் 20-ல் ஒன்றாக வந்தன. பொதுத் தேதிக்கு கத்தோலிக்கத் திருச்சபை தயார் என்று அந்த ஆண்டு தொடக்கத்தில் போப் பிரான்சிஸ் சொன்னார். உடன்பாடு இன்னும் வரவில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்?

ஈஸ்டரில் ஒரு வசதி உண்டு. பிறை பார்த்து அறிவிக்க வேண்டியதில்லை. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வரும் தேதியைக்கூட இன்றே சொல்லிவிடலாம். எனவே, தேர்வு அட்டவணையோ தேர்தல் தேதியோ போடும்போது புனித வெள்ளியோடு வியாழன் மாலையையும் கவனிப்பது முடியாத காரியம் இல்லை. தேதியை மாற்ற முடியாத இடத்தில், மதுரைக்குக் கொடுத்த இரண்டு மணி நேரம் மாதிரி சின்னச் சலுகைகள் சாத்தியம். கேட்பவருக்குப் பணி ஒதுக்கீட்டில் விலக்கு தரலாம், தேர்வை ஒரு நாள் தள்ளி வைக்கலாம்.

அதுவரை, அடுத்த சில ஆண்டுகளுக்கு இந்தத் தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்:

● 2026: பெரிய வியாழன் ஏப்ரல் 2, ஈஸ்டர் ஏப்ரல் 5
● 2027: பெரிய வியாழன் மார்ச் 25, ஈஸ்டர் மார்ச் 28
● 2028: பெரிய வியாழன் ஏப்ரல் 13, ஈஸ்டர் ஏப்ரல் 16. புனித வெள்ளியும் அம்பேத்கர் பிறந்தநாளும் ஒரே நாளில் வருவதால் ஒரு விடுமுறை போச்சு.
● 2029: பெரிய வியாழன் மார்ச் 29, ஈஸ்டர் ஏப்ரல் 1

ரயில் டிக்கெட் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. 2027 பெரிய வியாழன் இரவு கிளம்ப வேண்டுமானால், ஜனவரி 24-ம் தேதியே மொபைலோடு தயாராக இருக்க வேண்டும். சாம்பல் புதனே பிப்ரவரி 10-ல்தான். வியாழன் மாலை ஆராதனைக்கே ஊரில் இருக்க வேண்டும் என்றால், முந்தைய இரவு ரயிலைப் பாருங்கள். ஆபீஸில் ஒரு நாள் லீவையும் இப்போதே சொல்லி வையுங்கள்.