ஜே18 எந்தப் புத்தகத்தில்?

லண்டன் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நான் மளிகை வாங்கும் கடையில் கல்லாவில் நிற்பவள் அவள். கணவரோடு டிபெண்டன்ட் விசாவில் வந்து ஏழு மாதம் ஆகிறது. திருச்சியில் மைக்ரோபயாலஜி படித்துவிட்டு, சென்னையில் நான்கு வருடம் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் கோடிங், அதாவது நோயையும் சிகிச்சையையும் குறியீடாக மாற்றும் வேலை, செய்தவள். நாளுக்கு இத்தனை சார்ட் என்று டார்கெட், 95 சதவீதத்துக்குக் குறையாத குவாலிட்டி, கையில் சிபிசி சான்றிதழ். நானும் இங்கே மருத்துவமனையில் கோடர்தான் என்று தெரிந்ததும் மீதிச் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்போ நான் படிச்சதெல்லாம் இங்க செல்லாதா அக்கா?"

சான்றிதழ் செல்லாது. அதை மறைத்துப் பேசினால் அவளுக்கு நான் செய்யும் துரோகம். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் கேட்பது என்சிசிக்யூ என்ற தேர்வை. தியரி ஒரு தாள், பிராக்டிகல் ஒரு தாள். அதற்கு முன்னால் ஏதாவது ஒரு மருத்துவமனையில் டிரெய்னியாகச் சேர வேண்டும். அந்த இடம் கிடைப்பதுதான் கஷ்டம். நான்கு வருட அனுபவக்காரி மறுபடி முதல் படியில் நிற்பது வலிக்கத்தான் செய்யும்.

படித்த படிப்பு செல்லும். நோய்களுக்கு இங்கேயும் ஐசிடி-10 என்ற குறியீட்டுப் புத்தகம்தான். அமெரிக்கா அதைத் தன் தேவைக்கு விரித்து எழுபதாயிரம் கோடுகளாக்கிக்கொண்டது. இங்கே இருப்பது உலக சுகாதார நிறுவனத்தின் மெலிந்த புத்தகம். சிகிச்சைகளுக்கு மட்டும் ஓபிசிஎஸ்-4 என்ற தனிப் புத்தகம். ஐசிடியில் ஜே18 என்றால் நிமோனியா, ஓபிசிஎஸ்ஸில் ஜே18 என்றால் பித்தப்பையை அகற்றும் அறுவை. சென்னையிலிருந்து வருகிறவர்களின் கை முதல் மாதம் இங்கேதான் தடுமாறும்.

அந்த ஓபிசிஎஸ் என்ற பெயர் ஒரு அலுவலகத்தின் பெயர். 1970இல் பொதுப் பதிவு அலுவலகத்தையும் இன்னொரு துறையையும் சேர்த்து உண்டாக்கினார்கள். 1996இல் அது தேசிய புள்ளிவிவர அலுவலகத்துக்குள் கரைந்துவிட்டது. பெயர் மட்டும் எங்கள் மேசையில் தங்கிவிட்டது. அந்தப் பழைய பதிவு அலுவலகத்தில்தான், தேம்ஸ் கரையில் சாமர்செட் ஹவுஸில், வில்லியம் ஃபார் உட்கார்ந்து இங்கிலாந்து, வேல்ஸ் மக்களின் மரணங்களை வகைபிரித்தார். ஒரே நோய்க்கு மூன்று நான்கு பெயர், ஒரே பெயரில் பல நோய்கள். இப்படியிருந்தால் எதை எண்ணுவது என்று 1839இல் வெளிவந்த முதல் ஆண்டறிக்கையிலேயே அவர் முறையிட்டிருக்கிறார். இன்றைய ஐசிடியின் வேர்களில் ஒன்று அந்த முறையீடு. ஸ்ட்ராண்ட் பக்கம் பேருந்தில் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

அவளைப் போல நானும் சென்னையில் இந்த வேலையைக் கற்றபோது கோடு என்றால் பில். தப்பாகப் போட்டால் கிளெய்ம் திரும்பி வரும், அவ்வளவுதான் பயம். இங்கே நோயாளிக்குப் பில் போவதில்லை. மருத்துவமனைக்கு வரும் பணத்துக்கும் இந்தக் கோடுகளே அடிப்படை, உண்மைதான். ஆனால் எத்தனை பேர் எதனால் விழுந்தார்கள், எந்த நோய் கூடுகிறது என்று நாளை ஒருவர் தேடும்போது கையில் கிடைப்பதும் நாங்கள் எழுதியதுதான். வந்த புதிதில் ஒரு குறிப்பில் 'நிமோனியா?' என்று இருந்தது. இருமல், மூச்சுத்திணறல், ஆன்டிபயாட்டிக் எல்லாம் இருக்கிறதே என்று நிமோனியா என்றே போட்டேன். மூத்த கோடர் ஒருவர் அந்தக் கேள்விக்குறி மேல் விரலை வைத்து, "டாக்டர் இன்னும் முடிவு செய்யவில்லை, நீ எப்படிச் செய்தாய்?" என்றார். இருமலையும் மூச்சுத்திணறலையும் மட்டும் எழுதிக் கொடுத்தேன். அன்று கூசிய கூச்சம் இன்னும் என்னோடு இருக்கிறது, இருக்கட்டும்.

இப்போது சனிக்கிழமை காலைகளில் அவள் என் வீட்டுக்கு வருகிறாள். நோயாளிகளின் தாள் எதுவும் வெளியே வராது. பயிற்சிக்கான டிஸ்சார்ஜ் கடிதங்களை நானே கற்பனையாக எழுதி வைக்கிறேன். போன வாரம், வீட்டுப் படிக்கட்டில் விழுந்த 84 வயது அம்மா ஒருவர். தொடையெலும்புக் கழுத்து முறிவு எஸ்72.0, படியில் விழுந்ததற்கு டபிள்யூ10 என்று சட்டென்று எழுதினாள். சென்னை வேகம். பேனாவை மூடியவள், கடிதத்தை மறுபடி எடுத்துக் கடைசிப் பத்தியை வாசித்தாள். துணைக்கு யாருமில்லை, தனியாக இருக்கிறார் என்று அங்கே ஒரு வரி. அட்டவணையில் தேடி இசட்60.2 என்று சேர்த்துவிட்டு, "இதை எங்க ஆபீஸ்ல இருந்திருந்தா தாண்டிப் போயிருப்பேன் அக்கா" என்றாள்.

அடுத்த கடிதத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன்.