இரவு வேலைக்கு எந்த வெளிச்சம்?

கல்லடிப் பாலம் கடந்து கல்முனை வீதி வழியே இருட்டிய பிறகு பயணிப்பவர்கள், வாகனம் கழுவும் இடங்களில் வேலை நடப்பதைக் கண்டிருப்பார்கள். இளைஞர்கள் குனிந்து நின்று காருக்குக் 'கட் அன்ட் பொலிஷ்' செய்துகொண்டிருப்பார்கள். பகல் இருக்க இரவில் ஏன் இந்த வேலை என்று கேட்கலாம்.

காரணம் எளியது. மட்டக்களப்பு வெயிலில் நின்ற காரின் தகட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பொலிஷும் மெழுகும் பூசியவுடனேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். துடைத்தால் திட்டுத் திட்டாகத் தங்கும். வாடகைக்கு ஓடும் வேன்களோ பகலில் கிடைப்பதே இல்லை. ஆகவே மாலை ஆறு, ஆறரைக்குப் பொழுது சாய்ந்த பின்னரே வேலை தொடங்குகிறது.

இதில் நாட்டின் பொருளாதாரமும் கலந்திருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதுவும் கடும் வரிகளுடன். புதிது வாங்க இயலாதவர்கள் பழையதைப் பேணுகிறார்கள். பதினைந்து வயதுக் கார் ஒரு குடும்பத்தின் பெருஞ்சொத்தாகிவிட்ட காலம் இது. அந்தச் சொத்தை இரவில் எந்த வெளிச்சத்தில் வைத்துத் தேய்க்கிறோம் என்பது அற்பமான கேள்வியன்று.

காரின் நிறத்துக்கு மேலே நிறமற்ற லெக்கர் படலம் ஒன்று உண்டு. அதன் தடிப்பு பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரோன். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு முறை கட்டிங் செய்யும்போதும் இந்தப் படலத்தில் சிறிது தேய்ந்து போகிறது. போனது திரும்பி வராது. கீறல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எல்லா இடத்தையும் அழுத்தித் தேய்ப்பவர், காரைப் புதுப்பிக்கவில்லை. அதன் ஆயுளைக் குறைக்கிறார்.

பெரும்பாலான இடங்களில் கூரையில் தொங்குவது டியூப் லைட். அது நீளமான, பரவலான ஒளி. அதன் கீழ் எந்தக் காரும் பளபளக்கும். மறுநாள் காலை வெயிலில் நிறுத்தினால் சிலந்திவலை போன்ற சுழல் கீறல்கள் தெரியும். சூரியன் ஒரே புள்ளியிலிருந்து வரும் ஒளி என்பதால் கீறலின் விளிம்புகள் மின்னுகின்றன. எனவே கையில் எடுத்துச் செல்லும் விளக்கும் ஒரு புள்ளியிலிருந்து ஒளி வீசுவதாக இருக்க வேண்டும். அதை நேராகப் பிடிக்காமல் சரிவாகப் பிடித்து, தலையை அசைத்துப் பார்க்க வேண்டும்.

கடைக்காரர்கள் பெட்டியில் அச்சிட்ட லூமன் எண்ணைக் காட்டி விற்கிறார்கள். எண் பெரிதாக இருந்தால் விளக்கு நல்லது என்று நாமும் நம்பிவிடுகிறோம். அளவுக்கு மிஞ்சிய வெளிச்சம் வெள்ளை வேனில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசச் செய்யும். கீறல் அந்தக் கூச்சத்தில் மறைந்துவிடும். ஆகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி முக்கியம். அதைவிட முக்கியமானது நிறங்களை உள்ளபடி காட்டும் திறன். இதற்குச் 'சிஆர்ஐ' என்றொரு குறியீடு உண்டு. 100 என்பது அதன் உச்சம். மலிவான எல்இடி விளக்குகள் 70, 80 அளவில் நின்றுவிடும். 95க்கு மேற்பட்டதைத் தேடி வாங்க வேண்டும். மஞ்சள் ஒளிக்கும் வெண்மை ஒளிக்கும் மாற்றக்கூடிய விளக்கானால் இன்னும் நல்லது. வெள்ளை, வெள்ளி நிற வாகனங்களில் பல வேளை மஞ்சள் சாயலே குறையைக் காட்டிக் கொடுக்கும்.

வாவிக்கரையில் இன்னொரு தொல்லையும் உண்டு. மழைக்காலத்தில் வெளிச்சத்தை நாடி ஈசலும் கொசுவும் மொய்க்கும். மெழுகு பூசிய தகட்டில் ஒட்டும். வெண்ணீல ஒளிக்கு அவை அதிகமாக வரும், மஞ்சளுக்குக் குறைவாக வரும். பார்த்துச் சரிபிழை காண வெண்மை, துடைத்துக்கொண்டிருக்க மஞ்சள் என்று பிரித்துக்கொள்வதே உத்தமம்.

இவை யாவும் காரைப் பற்றியவை. காரருகே நிற்கும் மனிதனைப் பற்றியும் பேச வேண்டும்.

சில இடங்களில் இன்னமும் 500 வாட்ஸ் ஹலஜன் விளக்கைக் கம்பியில் கட்டி, ஒட்டுப்போட்ட வயரில் இழுத்து, நீர் தேங்கிய தரையில் வைக்கிறார்கள். நமது மின்சாரம் 230 வோல்ட். வெறுங்காலும் ஈரத்தரையும் தோலுரிந்த வயரும் ஒன்று சேர்ந்தால் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. பிரித்தானியாவில் கட்டட வேலைத்தளங்களில் கைக்கருவிகளுக்கும் விளக்குகளுக்கும் 110 வோல்ட் மின்மாற்றியைப் பயன்படுத்துவது நீண்டகால வழக்கம். அதிலும் மண்ணுக்கும் கம்பிக்கும் இடையே 55 வோல்ட் மட்டுமே இருக்கும்படி அமைக்கிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பற்றரியில் எரியும் எல்இடி விளக்கில் அபாயகரமான மின்னழுத்தமே இல்லை. ஐபி 65 என்று குறிக்கப்பட்டதானால் தூசும் நீர்ப்பீச்சும் உட்புகா. மின்வெட்டு வந்தாலும் வேலை நிற்காது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் இருளில் இருந்த நாடு இது; மறந்துவிடவில்லை. கட்டாயம் வயர் இழுத்தே ஆக வேண்டுமென்றால் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இல்லாமல் இழுக்கக் கூடாது.

இந்த விளக்கை யார் வாங்குவது என்பதே என் கேள்வி. பொதுவாக இளைஞர்கள் தங்கள் காசில் மலிவான ரோச் லைட் ஒன்றை வாங்கிப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். மறுநாள் வாகன உரிமையாளர் கீறலைக் காட்டிச் சண்டையிட்டால் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. பார்க்க முடியாத இடத்தில் ஒருவனை நிறுத்திவிட்டு, பார்க்கவில்லை என்று அவனைத் தண்டிப்பது எந்த நியாயம்?

பொலிஷ் இயந்திரத்தை வாங்கிக் கொடுப்பவர் முதலாளி. அதே கணக்கில் விளக்கும் சேர வேண்டும். வாகன உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை: அடுத்த முறை காரை விடும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். "தம்பி, எந்த லைட்டில வேலை செய்யிறீங்க?" என்றும் கேளுங்கள். பலர் கேட்கத் தொடங்கினால் நல்ல விளக்கு தானே வந்து சேரும். அதனால் உங்கள் காரும் பிழைக்கும். அந்தத் தம்பியும் பிழைப்பார்.