கம்பத்தைப் பிடிக்கிறது கையில்லை, கால்

போன மாதம் நாங்கள் மூன்று பேர் பழைய சோனகத் தெருவுக்கு இரும்புக் குழாய் வாங்கப் போனம். புறக்கோட்டையில பஸ்ஸால இறங்கி, நாட்டாமைமாரின் தள்ளுவண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து போய்ச் சேர வேர்த்து ஊத்திட்டுது. "கேற்றுக்கா, கூரைக்கா?" என்று கேட்ட கடைக்கார நானாவிடம் உண்மையைச் சொன்னம். வீட்டில பூட்டி, அதில ஏறிப் பழகப் போறம். போல் டான்ஸ். அவர் சிரிக்கவில்லை. குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஆள் தொங்க ஏலா தங்கச்சி, கழண்டு விழுந்துரும்" என்றார். வாங்காமல் திரும்பினம்.

அவர் சொன்னது சரி. போட்டிகளில் பாவிக்கிற கம்பம் 45 மில்லிமீற்றர் விட்டமுள்ளது, ஆள் பாரத்தைத் தாங்குகிற மாதிரியே செய்து பூட்டுகிறது. கூரைக் குழாய் அதுக்கு ஈடாகாது. ஆனால் திரும்பி வாற வழியில எங்களுக்கு வேறொரு கேள்வி வந்தது. கம்பம் இருக்கட்டும், எங்கட கால் எங்களைத் தாங்குமா?

போல் டான்ஸ் என்றதும் எல்லாரும் கையைத்தான் நினைக்கிறது. எங்களில ஒருத்தி முதல் நாள் வகுப்பில கையால இழுத்து இழுத்து ஏறி, இரண்டாந்தரம் ஏறேக்க கை நடுங்கி இறங்கிவிட்டாள். ஏறுகிறது உண்மையில காலின் வேலை. பாதமும் கணுக்காலும் கம்பத்தைக் கவ்வ, தொடை உடம்பை மேலே தள்ளும். கை சும்மா பிடிச்சுக்கொண்டிருக்கும். கம்பத்தில இருக்கிறதென்றால் இரண்டு தொடையும் நெருக்கிப் பிடிக்க வேணும். தலைகீழாகத் தொங்குகிறதென்றால் முழங்காலின் பின்பக்கமும் பின்தொடையும் பூட்டு மாதிரி இறுக வேணும். இடுப்புக்குக் கீழ பலமில்லாதவர் எவ்வளவு தண்டால் எடுத்தாலும் ரெண்டு அடிக்கு மேல போக மாட்டார்.

சரி, காலைப் பலமாக்க ஜிம்முக்குப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போங்கோ, பிழையில்லை. எங்களுக்கு அது சரிவரவில்லை. ஒரே மெஷினில ஒரே அசைவு, எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி, மாதாமாதம் காசு. அதைவிட எங்களுக்குப் பிடிக்காதது 'டோனிங்' என்ற சொல். பெண் பிள்ளைகளிடம் அதைச் சொல்லேக்க அர்த்தம் பெரும்பாலும் ஒன்றுதான்: தொடையை மெலிய வை. ஓரிடத்துக் கொழுப்பை மட்டும் உடற்பயிற்சியால கரைக்க ஏலாது. தசை இறுகுகிறதென்றால் அது பலமாகிறது, சில நேரம் கொஞ்சம் பெருக்கிறது. அதுக்குத் தேவை மெல்ல மெல்லக் கூடுகிற பாரமும், வயிறு நிறையச் சாப்பாடும், நித்திரையும். கம்பத்தில தடிச்ச தொடை குறையே இல்லை. பிடிக்கிறதுக்குக் கூடத் தோல் இருக்கும், அவ்வளவுதான்.

இதெல்லாம் எங்கட ஆக்களுக்குப் புதுசும் இல்லை. மல்லர் கம்பம் பார்த்திருப்பீர்கள். மர நட்டுக்கம்பத்தில ஆமணக்கெண்ணெய் பூசி, அதில ஏறி, தொடையாலும் முழங்காலாலும் மட்டும் பிடிச்சுத் தொங்குகிற வித்தை. 12ஆம் நூற்றாண்டு மானசோல்லாசத்திலேயே அதைப் பற்றிக் குறிப்பு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் காலத்தில பாலம்பட்ட தேவதர் என்ற ஆசான் அதுக்குப் புத்துயிர் கொடுத்தார். தமிழ்நாட்டில விழுப்புரம் அதுக்குப் பேர்போன ஊர். 2019 பெப்ரவரியில் மும்பையில் உலகப் போட்டியே நடந்தது. மல்லர் கம்பக்காரரும் குறைஞ்ச உடுப்போடதான் ஏறுவார்கள். துணி வழுக்கும், தோல்தான் பிடிக்கும். போல் டான்ஸ் பிள்ளை கட்டைக் காற்சட்டை போடுகிறதும் அதே காரணத்துக்குத்தான். ஒரே கம்பம், ஒரே தொடை. ஒருவர் செய்தால் வீர விளையாட்டு, மற்றவர் செய்தால் "இதென்ன கூத்து" என்கிறார்கள். இந்த ஓரவஞ்சனையைத்தான் நாங்கள் கேள்வி கேட்கிறம்.

சரி, கதை போதும். நாங்கள் என்ன செய்யிறம் என்று சொல்லுறம். கிழமையில மூன்று நாள், இடையில ஒரு நாள் ஓய்வு, ஒவ்வொரு முறையும் அரை மணித்தியாலத்துக்கு உள்ள. செலவு ஒரு சதமும் இல்லை.

முதல்ல தோப்புக்கரணம். பிள்ளையாருக்கு முன்னால சின்ன வயசிலேயே பழகினதுதான். கோயில்ல போடுகிற அவசரம் மட்டும் வேண்டாம். மூன்று எண்ணும்வரை கீழ போங்கோ, கீழ ஒரு நொடி நில்லுங்கோ, பிறகு எழும்புங்கோ. பத்துத் தரம், மூன்று சுற்று. லேசாகிவிட்டால் காதை விட்டுவிட்டு ஐந்து கிலோ அரிசிப் பையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு செய்யுங்கோ.

அடுத்தது அரைமண்டி. கொழும்பில பரதம் பழகாத தமிழ்ப் பிள்ளையைத் தேடிப் பிடிக்க வேணும். அரங்கேற்றம் வரைக்கும் போகாமல் இடையில விட்டிருந்தாலும் தட்டடவு கால் மறக்காது. தெய்யா தெய், முதலாங் காலம், இரண்டாங் காலம், மூன்றாங் காலம். மூன்றாங் காலத்தில தொடை எரியத் தொடங்கும், சலிப்புக்கு நேரமே இருக்காது. ஒரு கவனம்: பாதத்தை மட்டும் பலவந்தமாக வெளிய திருப்பக் கூடாது. இடுப்பிலிருந்து திருப்ப வேணும், முழங்கால் கால்விரல் பார்க்கிற பக்கமே பார்க்க வேணும். இல்லாவிட்டால் முழங்கால்தான் பிறகு அழும்.

மூன்றாவது மாடிப்படி. வெள்ளவத்தையில, கொட்டாஞ்சேனையில ப்ளாட்டில இருக்கிறவர்களுக்கு லிஃப்ட் பழுதாகிற நாள் பயிற்சி நாள். ஏறேக்க இரண்டிரண்டு படியாக, குதிக்காலை ஊன்றித் தள்ளி ஏறுங்கோ. இறங்கேக்க ஒவ்வொரு படியாக, மெதுவாக. ஐந்து தரம் போதும். கடைசியாகக் கீழ்ப்படி விளிம்பில முன்பாதத்தை வைத்து, கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு, குதிக்காலைத் தாழ்த்தித் தாழ்த்திப் பதினைந்து தரம் உயர்த்துங்கோ. கம்பத்தில பாதம் நீட்டி நிற்கிறதுக்கு அந்தக் கெண்டைக்கால் வேணும்.

நாலாவது, போல்காரர்கள் கூடக் கைவிடுகிற உள்தொடை. கதிரையில இருந்து இரண்டு முழங்காலுக்கும் நடுவில தலையணையை வைத்துப் பத்து நொடி நெருக்குங்கோ, எட்டுத் தரம். கம்பத்தில இருக்கிற பிடி அப்படியே இதுதான். அது பழகினபிறகு பக்கவாட்டில படுத்து, மேற்காலைக் கதிரையில வைத்து, முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்குங்கோ. உதைபந்தாட்டக்காரர் கவட்டுப் பிடிப்பு வராமலிருக்கச் செய்கிற பயிற்சி இது. முதல்ல ஐந்து நொடிகூட நிற்க ஏலாது, அது வழமைதான்.

கடைசி, பின்தொடை. மல்லாக்கப் படுத்துக் குதிக்காலைக் கதிரையில வைத்து இடுப்பைத் தூக்கிப் பிடியுங்கோ. பத்துத் தரம், மூன்று சுற்று, பிறகு ஒவ்வொரு காலாக. தலைகீழாகத் தொங்கேக்க உங்களை விழ விடாமல் வைத்திருக்கிறது இந்தத் தசைதான்.

எல்லாருக்கும் ஒரு 'நல்ல பக்கம்' இருக்கும், அந்தப் பக்கமே செய்துகொண்டிருப்பம். பலம் குறைஞ்ச காலிலயே ஒவ்வொரு முறையும் தொடங்குங்கோ. அடுத்த நாள் தசை நோகிறது பயப்படுகிற விஷயமில்லை. மூட்டுக்குள்ள சுளீரென்று குத்தினால் நிப்பாட்டி டொக்டரிடம் காட்டுங்கோ. கம்ப வகுப்புள்ள நாள் காலுக்கு எண்ணெய், கிரீம் பூசாதீர்கள். கீழ தடிச்ச மெத்தை இல்லாமல் தலைகீழாகப் போகவே வேண்டாம்.

இவ்வளவும் எழுதின பிறகு ஒருத்தி கேட்டாள்: "அப்ப நாட்டாமைமாரின் கால்தானே ஆகத் திறம்? அவை ஜிம்முக்கும் போறதில்லை." புறக்கோட்டையில அவர்கள் மூட்டை சுமக்கிற காலைப் பார்த்தால் கல் மாதிரித்தான் இருக்கும். "உழைச்சாலே உடம்பு இறுகும், உங்களுக்கு வேலையில்லாமல்தான் இந்தப் பயிற்சி" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தன் இஷ்டத்துக்கு ஓய்வெடுக்க ஏலாத கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. எங்கட காலுக்கு இடையில ஒரு நாள் ஓய்வு இருக்கிறது, நோனால் நிப்பாட்டுகிற சுதந்திரம் இருக்கிறது. பயிற்சிக்கும் சுமைக்கும் வித்தியாசம் அதுதான். அந்த வசதி எங்களுக்குக் கிடைச்சிருக்கேக்க, அதைத் தொடையை வெறுக்கிறதில செலவழிக்கிறது அநியாயம்.

அதனால கண்ணாடியையும் அளவு நாடாவையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கோ. எத்தனை நொடி அரைமண்டியில நின்றம், எத்தனை மாடி மூச்சு வாங்காமல் ஏறினம், கொப்பியில அதை எழுதுங்கோ. நாங்களும் எழுதுறம். போன கிழமை எங்களில ஒருத்தி வகுப்பில கையை விட்டுவிட்டு, தொடையால மட்டும் கம்பத்தில இருந்தாள். நாலு நொடி. ஐந்தாவது நொடிக்காக இண்டைக்கும் தோப்புக்கரணம் போடுறம்.