வசூல் கடிதத்துக்கு அஞ்ச வேண்டாம். அதை ஒளிக்கவும் வேண்டாம்!

சம்பள நாளன்று மில் கேட்டுக்கு வெளியே தடியோடு நின்ற ஈட்டிக்காரனைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். வட்டிக்கு வட்டி கேட்பான். கொடுக்க முடியாதவனை நாலு பேர் முன்னிலையில் மானம் போகப் பேசுவான். அவனுக்குப் பயந்து சுவரேறிக் குதித்து ஓடிய தொழிலாளிகள் உண்டு. அந்த ஈட்டிக்காரனுடைய பலம் தடியில் இல்லை. கடன்பட்டவன் வெட்கப்பட்டுத் தனியாக நின்றானே, அதில்தான் இருந்தது.

இன்று பிரிட்டனில் அதே ஈட்டிக்காரன் தபாலில் வருகிறான். கரண்டு பில்லும் காஸ் பில்லும் கட்ட முடியாத வீட்டுக்குக் கம்பெனி சில நினைவூட்டல்கள் அனுப்புகிறது. பிறகு கணக்கை ஒரு வசூல் கம்பெனியிடம் ஒப்படைத்து விடுகிறது. அது தடித்த எழுத்தில் கடிதம் போடுகிறது. இத்தனை நாளில் கட்ட வேண்டும். தவறினால் வீட்டுக்கு ஆள் வரும், கோர்ட்டு வரும், இனி எங்கும் கடன் கிடைக்காது என்று மிரட்டுகிறது. ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர், பஸ் ஓட்டுபவர், கிடங்கில் பெட்டி அடுக்குபவர் ஆகியோரின் வீடுகளுக்குத்தான் இந்தக் கடிதம் போகிறது. லண்டனில் குடியேறிய நம் தமிழ் உழைப்பாளிகளும் இதற்கு விலக்கல்ல.

இந்தப் பாக்கி எப்படி வந்தது? ஊதாரித்தனத்தாலா? இல்லவே இல்லை.

பிரிட்டனில் மின்சாரம் 1948-லும் காஸ் 1949-லும் பொதுச்சொத்தாக்கப்பட்டன. தாட்சர் சர்க்கார் காஸை 1986-லும், மின் விநியோகத்தை 1990-லும் பங்குச்சந்தையில் விற்றது. போட்டி வந்தால் விலை குறையும் என்று ஜனங்களுக்கு வாக்குறுதி கொடுத்தார்கள். நடந்தது என்ன? 2021-ல் உலகச் சந்தையில் காஸ் விலை ஏறியது. 2022-ல் உக்ரைன் யுத்தம் வந்ததும் தாவிப் பறந்தது. கட்டண உச்சவரம்பின்படி, ஒரு சாதாரணக் குடும்பத்தின் வருஷச் செலவு 1,277 ஸ்டெர்லிங் பவுனாக இருந்தது. அது 2022 ஏப்ரலில் 1,971 ஆயிற்று. அக்டோபரில் 3,549 ஆகும் என்று அறிவித்தார்கள். நாடே கொதித்த பிறகு, சர்க்கார் கஜானாவிலிருந்து பணம் கொடுத்து அதை 2,500-ல் நிறுத்தியது. தொழிலாளியின் கூலி இப்படி ஏறியதா?

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று எண்ணெய், காஸ் எடுக்கும் முதலாளிகள் குவித்தார்கள். முதலாளிகளுக்கு வேண்டிய கன்சர்வேடிவ் சர்க்காரே 2022 மே மாதத்தில் அந்த அளவு மீறிய லாபத்துக்குத் தனி வரி போட நேர்ந்தது என்றால், கொள்ளையின் அளவை நாம் ஊகித்துக் கொள்ளலாம். மறுபக்கத்தில், குடும்பங்கள் செலுத்த வேண்டிய கரண்டு, காஸ் பாக்கி 2025-ல் 400 கோடி பவுனைத் தாண்டியது. லட்சக்கணக்கான வீடுகள் ஒரே சமயத்தில் ஊதாரிகளாக மாறிவிட்டன என்று யாராவது சொன்னால் நம்ப முடியுமா?

எரித்த விளக்குக்குக் காசே கொடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உழைப்பாளி நாணயமானவன், முடிந்தால் கட்டாமல் இருக்கமாட்டான். ஆனால் மிரட்டலுக்குப் பயந்து குழந்தையின் பாலை நிறுத்திக் கட்டுவது நாணயம் அல்ல. அது அடிமைத்தனம்.

அந்தக் கடிதத்துக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது? வசூல் கம்பெனியின் ஆள் கோர்ட்டு அமீனா அல்ல. வீட்டுக்குள் நுழையவோ, ஒரு தட்டுமுட்டுச் சாமானைத் தொடவோ அவனுக்கு உரிமை கிடையாது. வாசலில் நின்று கேட்கலாம். போகச் சொன்னால் போக வேண்டும். ஆனால் கோர்ட்டிலிருந்து வரும் காகிதம் வேறு. குறித்த நாளுக்குள் பதில் கொடுக்காவிட்டால் தீர்ப்பு எதிராகப் போகும். அமீனா வருவது அதற்குப் பிறகுதான். ஆகவே இரண்டு காகிதங்களையும் பிரித்துப் படிக்க வேண்டும். பயந்து பரண்மேல் ஒளித்து வைப்பது ஆபத்து.

படித்தபின் கணக்கைக் கேட்க வேண்டும். மீட்டரை நேரில் பார்த்து எழுதிய பில்லா, உத்தேசமாகப் போட்ட பில்லா? உத்தேசம் என்றால் சரியான ரீடிங்கை எழுதி அனுப்ப வேண்டும். முன்பு குடியிருந்தவர் வைத்த பாக்கியா? அது நம்முடையதல்ல, குடிவந்த தேதிக்கு அத்தாட்சி காட்டினால் போதும். கம்பெனி தன் தவறால் பில் போடாமல் விட்டுவிட்டு இப்போது பழைய கணக்கைக் கிளறுகிறதா? 12 மாதத்துக்கு முன் எரித்ததற்கு அப்படிப் புதிதாகப் பில் போட அங்கே 2018 முதல் தடை இருக்கிறது.

பாக்கி உண்மைதான் என்றாலும் வழி உண்டு. வரவு செலவை எழுதிக் காட்டி, முடிந்த தொகையைத் தவணையாகக் கேட்கலாம். கட்டும் சக்தியைக் கணக்கில் எடுத்துத்தான் தவணை போட வேண்டும் என்பது அந்தக் கம்பெனிகளின் லைசென்சு நிபந்தனை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடன் ஆலோசகர் மூலம் விண்ணப்பித்தால், 60 நாள் மூச்சுவிடும் அவகாசம் பெற 2021 முதல் சட்டம் இருக்கிறது. அந்த நாட்களில் பழைய பாக்கி கேட்டு நச்சரிக்க முடியாது. தகராறு தீராவிட்டால், ஆம்பட்ஸ்மன் என்ற மத்தியஸ்தரிடம் செலவின்றி முறையிடலாம். வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால் அந்தத் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையங்களில் இலவசமாக யோசனை சொல்கிறார்கள். பேசியதை எல்லாம் எழுத்தில் வைத்துக்கொள்வது முக்கியம்.

இவ்வளவு உரிமை இருந்தும் ஜனங்கள் ஏன் நடுங்கினார்கள்? கடிதத்துக்குப் பின்னால் வேறொரு ஆயுதம் இருந்தது. மின்சாரமும் காஸும் ஜனங்களின் சொத்தாக இருந்த 1954-ல், பொதுவாரியங்களின் ஊழியர் மாஜிஸ்டிரேட் வாரண்டோடு வீட்டுக்குள் போக ஒரு சட்டம் செய்தார்கள். சொத்து தனியாரிடம் போயிற்று. சட்டமும் கூடவே போயிற்று. லாபக் கம்பெனிகள் அதே வாரண்டைக் கட்டுக்கட்டாக வாங்கி, பூட்டை உடைத்து, முன்பணம் போட்டால்தான் விளக்கெரியும் மீட்டர்களைப் பொருத்தின. பணம் தீர்ந்தால் பனிக்காலத்திலும் கணப்பு அணையும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘தானே துண்டித்துக்கொள்வது’! கம்பெனி துண்டிக்கவில்லையாம், ஏழை தானே துண்டித்துக்கொண்டானாம்!

2023 பிப்ரவரியில் டைம்ஸ் பத்திரிகை இந்த அக்கிரமத்தை அம்பலப்படுத்தியது. கைக்குழந்தையுள்ள வீட்டுக்கும் ஊனமுற்றோர் வீட்டுக்கும் வாரண்டோடு போனது ஊரறிய வெளிவந்ததும், வாரண்டு வழங்குவது நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் புதிய விதிகள் வந்தன. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டிலும், துணையின்றி வாழும் 75 வயதுக்கு மேற்பட்டோர் வீட்டிலும் பலவந்தமாகப் பொருத்தக் கூடாது. மற்ற வீடுகளிலும் அதற்கு முன் குறைந்தது 10 முறை தொடர்புகொள்ள முயன்றிருக்க வேண்டும். அதன்பின் 2024-ல் சில கம்பெனிகளுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. ஊர் பேசியபோது கை நின்றது. பேச்சு ஓய்ந்ததும் கை மறுபடி நீண்டது. பாடம் இதுதான்.

இதே பாடத்தை அந்த நாட்டுத் தாய்மார்கள் நூறு வருஷத்துக்கு முன்பே கற்பித்தார்கள். 1915-ல், யுத்த காலத்தில், கிளாஸ்கோ நகரத்து வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பர் முதலான பெண்கள் தெருத்தெருவாகக் கமிட்டி அமைத்தார்கள். அமீனா தலை தெரிந்ததும் மணியடிப்பார்கள். பெண்கள் திரண்டு வழிமறிப்பார்கள். நவம்பரில் வாடகைப் பாக்கிக்காகத் தொழிலாளிகளைக் கோர்ட்டுக்கு இழுத்தபோது, கப்பல் பட்டறைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகக் கோர்ட்டு வாசலுக்கு வந்தார்கள். வழக்கு கைவிடப்பட்டது. அந்த வருஷமே வாடகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது.

இது எங்கோ நடக்கும் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. 25 கோடி முன்பண ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவதற்கான திட்டத்தை இந்தியாவின் மத்திய சர்க்கார் 2021-ல் தொடங்கியது. முதலில் எரித்துப் பிறகு கட்டும் ஏழைக்கு, ஒரு மாதம் தவறினால் வாய்விட்டுக் கேட்க ஆபீசில் ஒரு மனிதராவது இருக்கிறார். முன்பண மீட்டருக்குக் காதும் இல்லை, கண்ணும் இல்லை.

ஆகவே பிரிட்டனில் இருக்கும் நம் உறவினருக்குக் கடிதம் எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுவோம்: வசூல் கடிதம் வந்தால் வெட்கப்பட வேண்டாம், பிரித்துப் படியுங்கள். பக்கத்து வீட்டாரிடம் காட்டுங்கள். அவர் வீட்டிலும் அதே கடிதம் இருக்கும். இரண்டு கடிதங்களும் ஒரே மேஜைக்கு வந்துவிட்டால், ஈட்டிக்காரனுடைய பலத்தில் பாதி அங்கேயே போய்விடும்.