ஒளிக்காட்சி: கோடும் படமும்

பெருவிழாக்களில் ஒளியைக் கொண்டு உருவங்களைக் காட்ட விழைவோர் முன் இன்று இரு கருவிகள் நிற்கின்றன. ஒன்று லேசர் படவீழ்த்தி. மற்றொன்று வீடியோ படவீழ்த்தி. இவற்றுள் எது உயர்ந்தது என்பதே பலரும் எழுப்பும் வினா. எதைக் காட்டப் போகிறோம் என்று அதற்குமுன் வினவுவோர் சிலரே. பாடுபொருளை முடிவு செய்யுமுன் யாப்பைத் தேர்ந்துகொள்ளும் புலவனின் நிலையே இது.

லேசரின் இயல்பு எழுத்தாணியின் இயல்பு. ஒற்றைக் கதிரை இரு சிறு ஆடிகள் விரைந்து அசைக்கின்றன. ஒன்று பக்கவாட்டில், மற்றொன்று மேலும் கீழுமாக. கதிர் சென்ற வழி நம் பார்வை நிலைப்பால் கோடாகத் தோன்றுகிறது. தொழில்முறைக் கருவிகளில் நொடிக்கு 30,000 புள்ளிகள் என்பது பரவலாக வழங்கும் அளவு. பெரிய எண்தான். ஆயின், உருவம் ஓரளவேனும் துடிப்பின்றி நிற்க நொடிக்கு 20 முறை அதனை மீண்டும் வரைய வேண்டும் எனக் கொண்டால், ஓர் உருவத்திற்குக் கிட்டுவன 1,500 புள்ளிகளே. வீடியோவோ 1920க்கு 1080 என்னும் அளவில் 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகளை ஒருங்கே காட்டுவது. முகத்தின் மெய்ப்பாட்டையும் நிழலின் மென்மையையும் லேசரிடம் எதிர்பார்த்தல் முறையன்று. சுழியும் வளைவும் மிக்க நம் தமிழெழுத்துகளும் அதற்கு எளியன அல்ல. இரண்டொரு சொல் அழகாக நிற்கும். ஒரு பத்தியை எழுதச் சொன்னால் நடுங்கத் தொடங்கிவிடும்.

எனினும் இருளைக் காப்பதில் லேசருக்கு நிகர் லேசரே. வீடியோவில் கருமை என்பது முழுக் கருமையன்று. மெல்லிய சாம்பல் நிறச் சதுரமொன்று சுவரில் படிந்தே கிடக்கும். லேசர் வரையும் இடத்தை மட்டுமே தொடும். மேடுபள்ளமான பாறையிலும் குவியம் தேடாமல் கூர்மை காக்கும். புகையினூடே வானவெளியில் கதிர்த்தூண்களை எழுப்பும். வீடியோவின் ஒளி பரவப் பரவ மங்கும். 10,000 லூமென் ஒளி 100 சதுர மீட்டர் திரையில் விழுந்தால் சதுர மீட்டருக்கு 100 லூமென். 20 மீட்டர் நீளமும் உயரமும் உள்ள சுவரில் 25 மட்டுமே. அருகில் ஒரு தெருவிளக்கு எரிந்தால் படம் வெளிறிப்போகும்.

1973 நவம்பர் 19இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கிரிஃபித் வானாய்வகத்தில் ஐவன் டிரையர் 'லேசேரியம்' காட்சியைத் தொடங்கினார். 2002 வரை அது அங்கு நடந்தது. படங்காட்ட முயலாமல் கோட்டையும் நிறத்தையும் இசையோடு ஆடவிட்டதே அதன் வெற்றிக்குக் காரணம் என்பேன். ஜார்ஜியா மாநிலத்து ஸ்டோன் மவுண்டனில் 1983 முதல் பாறைச் சிற்பத்தின் குதிரைகளை லேசர்க் கோடுகள் ஓடச்செய்தன. (அச்சிற்பம் போற்றும் அரசியல் வேறு கதை.) 2011இல் அங்கு வீடியோ படவீழ்த்திகளும் சேர்க்கப்பட்டன, லேசர் விலக்கப்படவில்லை. கோட்டின் வேலையைக் கோட்டிற்கும் படத்தின் வேலையைப் படத்திற்கும் பகிர்ந்தளித்த அம்முறையே எனக்கு உவப்பானது. பொருள்வசதி ஒன்றிற்கே இடந்தருமாயின், கதை சொல்லும் காட்சிக்கு வீடியோவையும், பெயர், சின்னம், வான்கதிர் ஆகியவற்றிற்கு லேசரையும் கொள்ளலாம்.

பெயர் மயக்கம் ஒன்றையும் இங்குச் சுட்ட வேண்டும். இன்று கடைகளில் 'லேசர் புரொஜெக்டர்' என விற்கப்படுவனவற்றுள் பல, விளக்கிற்குப் பதில் லேசரை ஒளிமூலமாகக் கொண்ட வீடியோ கருவிகளே. அவை கோடு வரையா; வானில் கதிர் எழுப்பா. பெயரை மட்டும் நம்பி வாங்குவோர் விழா நாளன்றுதான் வேறுபாட்டை உணர்வர்.

விலையைவிட நான் அஞ்சுவது கண்ணுக்கு. 2008 ஜூலையில் உருசிய நாட்டின் விளாதிமிர் பகுதியில் நடந்த திறந்தவெளி இசைவிழாவில், மழைக்காகக் கூடாரம் விரிக்கப்பட்டிருந்த நிலையில், வானை நோக்கியிருக்க வேண்டிய லேசர்க் கதிர்கள் கூட்டத்தின்மேல் விழுந்தன. சுமார் 30 பேரின் பார்வை பழுதுற்றதாக அப்போது செய்திகள் வெளியாயின. அமெரிக்காவில் 5 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட லேசரைக் காட்சிக்குப் பயன்படுத்த அரசின் தனி இசைவு வேண்டும். மேடைக் கருவிகளோ பல வாட் ஆற்றல் உடையவை. எனவே லேசரை விரும்பும் விழாக் குழுவினர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இரண்டு கேட்க வேண்டும்: கதிர் மக்களின் தலைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் செல்லும்? காட்சி முடியும்வரை நிறுத்துவிசையின் அருகே நிற்பவர் யார்?