மூன்றாவது பெஞ்சுக்காரனுக்கும் ஒரு கதை



ஆண்டு மலர் என்றால் அன்னையைப் பற்றி நாலு கவிதை, நட்பைப் பற்றி எட்டுக் கவிதை, வரதட்சணைக் கொடுமை பற்றி ஒரு கட்டுரை என்பது எழுதாத சட்டம். நான் என் தலைப்பைச் சொன்னதும் மலர்க் குழு நண்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஏம்ப்பா, வேற டாபிக்கே கிடைக்கலையா?" என்றார் ஒருவர். இரண்டு நாள் யோசித்து, "சரி, எழுதிக் குடு, பாத்துக்கலாம்" என்றார்கள். அவர்களுக்கு என் நன்றி. விஷயத்துக்கு வருகிறேன்.

நம்மில் முக்கால்வாசிப் பேர் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு இங்கே வந்தவர்கள். வயது பதினைந்து, பதினாறு. அம்புலிமாமா படிக்கிற வயது போய்விட்டது, ஜெயகாந்தன் படிக்கிற பக்குவம் இன்னும் வரவில்லை. இந்த இடைப்பட்ட வயதுக்கென்று தமிழில் என்ன இருக்கிறது? லயன் காமிக்ஸ் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் பாக்கெட் நாவல் இருக்கிறது, கொஞ்சம் துணிச்சலான ஆளுக்குப் 'பொன்னியின் செல்வன்' இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த வயதுக்கென்றே தனி அலமாரி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அந்த அலமாரியே இல்லை. அப்படியிருக்க, அதில் யார் இருக்கிறார், யார் விடுபட்டார் என்று கேட்பது ஒரு வகையில் வேடிக்கைதான். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்.

ஏனென்றால் வகுப்பில் எல்லாரும் இருக்கிறார்கள். நடையும் பேச்சும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிற பையன் ஒருவன் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். ஒர்க்ஷாப்பில் லேத் முன்னால் நிற்கும்போது அவன் முதுகுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சுடிதாரை வெறுத்து அண்ணன் சட்டையை மாட்டிக்கொள்ள ஏங்குகிற பெண்ணும் இருக்கலாம். தன்னோடு பஸ்ஸில் வரும் நண்பன்மீதே மனசு போய், அதைச் சொல்ல வழியில்லாமல் ராத்திரி முழுக்க விழித்துக் கிடக்கிறவனும் இருக்கலாம். இவர்களைக் கூப்பிட நம்மிடம் ரெடியாக இருப்பது ஓர் எண். அது எந்த எண் என்று நான் எழுதத் தேவையில்லை. சினிமா கத்துக்கொடுத்த பாடம் அது!

நான் சொல்ல வருவது இதுதான். அந்தப் பையனுக்கு 'நான் ஒருத்தன் மட்டும்தான் இப்படியோ' என்ற பயம் வருகிற வயதில், அவன் கையில் ஒரு கதை இருக்க வேண்டும். அறிவுரை நூலோ, டாக்டர் பதில்கள் பகுதியோ வேண்டாம். கதை!

தமிழில் அப்படி எதுவுமே இல்லை என்று சொன்னால் அது பொய். சு. சமுத்திரம் எழுதிய 'வாடாமல்லி' இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு நூலானது. 'வேரில் பழுத்த பலா'வுக்காக 1990-ல் சாகித்திய அகாதமி பரிசு வாங்கிய அதே சமுத்திரம்தான். அந்த நாவலின் நாயகன் சுயம்பு யார் தெரியுமா? கிராமத்திலிருந்து வந்து பொறியியல் படிக்கிற மாணவன்! டிராயிங் ஷீட், ஹாஸ்டல் அறை, ரூம் மேட் என்று நமக்குத் தெரிந்த உலகத்தில்தான் கதை தொடங்குகிறது. சுயம்பு உள்ளுக்குள் தான் பெண் என்று உணர்கிறான். கல்லூரியும் வீடும் அவனைத் துரத்துகின்றன. அவள் மேகலையாகிறாள். லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போகிற வாரப் பத்திரிகையில், அக்கா தங்கைகள் காப்பி குடித்துக்கொண்டே படிக்கிற பக்கத்தில், முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதியிருக்கிறார் ஒருவர். சும்மா சொல்லக்கூடாது, பெரிய தைரியம்.

அதற்கும் முன்பே கி. ராஜநாராயணன் 'கோமதி' என்று ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார். பெண் மனசோடு வாழ்கிற ஒரு சமையல்காரரைப் பற்றியது. ஆனால் இரண்டையும் எழுதியவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள். சம்பந்தப்பட்டவர்களே பேனா பிடித்தது பிறகுதான். ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்' 2004-ல் வந்தது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், சரவணன் வித்யா' 2007-ல் வந்தது. வித்யா வேறு யாருமில்லை, நம்ம திருச்சிக்காரர். 1995-ல் பெரம்பலூர் பிரிகிற வரைக்கும் நாமும் திருச்சி மாவட்டம்தானே, அந்த உரிமையில் சொல்கிறேன். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் முதுகலை படித்தவர், வாழ வழியில்லாமல் ரயிலில் கை நீட்ட வேண்டி வந்ததை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகத்தைக் கன்னடத்தில் படமாக எடுத்தார்கள். அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருது கிடைத்தது. கதை நம்முடையது, படம் அவர்களுடையது. என்னத்தச் சொல்ல!

இவ்வளவு இருந்தும் எனக்கு ஒரு குறை உண்டு. இவை எல்லாமே பெரியவர்களுக்கான புத்தகங்கள். எல்லாவற்றிலும் வீட்டை விட்டு ஓடுதல், அடி, கத்தி, ரத்தம், பிச்சை. அது உண்மை, இல்லையென்று சொல்லவில்லை. அந்த உண்மையை எழுதியவர்களின் காலைத் தொட்டுக் கும்பிடலாம். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை இதை மட்டுமே படித்தால் என்ன நினைக்கும்? 'ஓஹோ, நமக்கு இதுதான் தலையெழுத்து' என்றுதானே? செமஸ்டர் எழுதி, அரியர் வைத்து, அதையும் கிளியர் பண்ணி, வேலைக்குப் போய், நாலு நண்பர்களோடு டீ குடிக்கிற ஒரு திருநங்கையோ திருநம்பியோ நம் கதைகளில் எங்கே?

நிஜத்தில் இருக்கிறார்களே! கிரேஸ் பானு கணினியில் டிப்ளமோ முடித்தவர், நம்மைப் போல. பிறகு 2014-ல் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். தமிழ்நாட்டில் அப்படிச் சேர்ந்த முதல் திருநங்கை என்று அறியப்படுகிறவர் அவர். பிரித்திகா யாஷினி நீதிமன்றம் வரை போராடி 2017-ல் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். நர்த்தகி நடராஜ் 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார். நிஜம் முன்னால் போய்விட்டது, கதைதான் பின்தங்கி நிற்கிறது. அதிலும் திருநங்கையர் பற்றியாவது நாலு நூல் சொல்ல முடிகிறது. திருநம்பியர், ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண் என்று தேடினால் விரல் மடக்கவே ஆளில்லை. கிரீஷ் எழுதிய 'விடுபட்டவை' 2018-ல் வந்தது. தலைப்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

தமிழர் வாழ்க்கையை வைத்து இளையோருக்கென்றே எழுதப்பட்ட நல்ல கதைகளைத் தேடினால் இலங்கைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. கொழும்பில் பிறந்து, 1983 கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு கனடா போன ஷியாம் செல்வதுரை 1994-ல் 'ஃபன்னி பாய்' எழுதினார். அர்ஜி என்ற தமிழ்ச் சிறுவன் கல்யாணப் பெண் வேஷம் கட்டி விளையாடுகிறான், பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாய் அவன் தன்னைக் கண்டுகொள்கிறான், கூடவே நாடு பற்றி எரிகிறது. அதே ஆசிரியர் 2005-ல் இளையோருக்கென்றே இன்னொரு நாவல் எழுதினார், 'ஸ்விம்மிங் இன் த மான்சூன் ஸீ'. 1980-ஆம் ஆண்டுக் கொழும்பு, 14 வயது அம்ரித், பள்ளியில் ஒதெல்லோ நாடக ஒத்திகை, கனடாவிலிருந்து வந்து இறங்கும் உறவுக்காரப் பையன். யாரும் சாகவில்லை, யாரும் ஓடிப்போகவில்லை. ஒரு பையனுக்குத் தன் மனசு புரிகிறது, அவ்வளவுதான் கதை. அந்த 'அவ்வளவுதான்' தமிழில் வர இன்னும் எத்தனை வருஷமோ! இந்தியாவிலும் ஹிமாஞ்சலி சங்கர் 2014-ல் 'டாக்கிங் ஆஃப் முஸ்கான்' என்று பள்ளிப் பெண் ஒருத்தியை வைத்து எழுதிவிட்டார். ஆனால் இவை எல்லாமே ஆங்கிலம். கான்வென்ட் பிள்ளைக்குக் கிடைக்கிற ஆறுதல் செந்துறைப் பிள்ளைக்கும் வேப்பந்தட்டைப் பிள்ளைக்கும் கிடைக்கக் கூடாதா?

"இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம்ம கலாச்சாரத்துக்கு ஆகாது" என்பார்கள். ஐயா, கொஞ்சம் பொறுங்கள். சித்திரை மாதம் நம் ஊரில் பஸ் ஏறி, தொழுதூர், வேப்பூர் தாண்டி உளுந்தூர்பேட்டையில் இறங்கினால் பக்கத்தில்தான் கூவாகம். அரவான் களப்பலி ஆகும் முன் கிருஷ்ணன் மோகினியாகி அவனை மணந்தான் என்ற கதையைத்தானே பாரதக் கூத்தில் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம்? மேடையில் வந்தால் சாமி, வகுப்பில் வந்தால் கேலியா? தொல்காப்பியம் பேடியை உயர்திணையில் வைத்து இலக்கணம் சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் பதினோரு ஆடலில் பேடும் ஒன்று. வெளிநாட்டிலிருந்து வந்தது 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய 377-ஆம் பிரிவுதான். அதில் வயதுவந்தோரின் சம்மத உறவைக் குற்றமாக்கிய பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று செல்லாதது என்று சொல்லிவிட்டது.

அடுத்தது, "படிச்சா பசங்க கெட்டுப்போவாங்க" என்ற வாதம். 'பொன்னியின் செல்வன்' படித்த எவனும் குதிரை ஏறி கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் போனதாகத் தெரியவில்லை! கதை படித்து எவனும் மாறுவதில்லை. ஏற்கெனவே அப்படி இருக்கிறவனுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும், பக்கத்தில் இருக்கிறவனுக்கு வாய் கொஞ்சம் அடங்கும். இதில் இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பொன் நாவரசு கொலைக்குப் பிறகு 1997-ல் ராகிங் தடைச் சட்டம் போட்ட மாநிலம் இது. பாலினத்தையும் பாலீர்ப்பையும் வைத்துச் சீண்டுவதும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் விதியில் சேர்த்தது. சட்டம் அடிக்கிற கையைப் பிடிக்கும். சிரிக்கிற வாயை எப்படிப் பிடிக்கும்?

அமெரிக்காவில் மட்டும் எல்லாம் சுமுகமா என்றால் அதுவும் இல்லை. இரண்டு பெண்களின் காதலைச் சொன்ன நான்சி கார்டனின் 'ஆனி ஆன் மை மைண்ட்' 1982-ல் வந்தது. 1993-ல் கான்சாஸ் நகரத்தில் அதை எரித்தார்கள், அந்தப் பகுதிப் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்தார்கள். மாணவர்களும் பெற்றோர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். 1995-ல் தீர்ப்பு வந்து, புத்தகம் அலமாரிக்குத் திரும்பியது. மாணவர்கள், கவனியுங்கள்! நம்மைப் போன்ற மாணவர்கள்.

நம் மாநிலமும் சும்மா இல்லை. 2008-ல் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. இவர்களை மரியாதையாக அழைக்கும் சொற்பட்டியலை அரசு 2022-ல் அரசிதழிலேயே வெளியிட்டது. உயர்கல்வி படிக்க வருகிறவர்களின் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2024-25 நிதிநிலை அறிக்கை சொன்னது. அதாவது நாளைக்கு நம் கல்லூரி வாசலிலேயே ஒரு தங்கையோ தம்பியோ அப்ளிகேஷனோடு வந்து நிற்கலாம்.

எனவே மாணவர் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். வரும் கல்வியாண்டு நூலகத்துக்கு வாங்கும் புத்தகங்களில் 'வாடாமல்லி', 'நான், சரவணன் வித்யா', 'உணர்வும் உருவமும்', 'விடுபட்டவை' நான்கையும் இரண்டிரண்டு பிரதி சேர்க்க வேண்டும், பீரோவில் பூட்டாமல் வெளி அலமாரியில் வைக்க வேண்டும், எடுக்கிறவன் பெயரை யாரும் சத்தமாகப் படிக்கக் கூடாது. கூடவே, அடுத்த ஆண்டு மலருக்குச் சிறுகதைப் போட்டி ஒன்று. நாயகன் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம், கடைசிப் பக்கத்தில் அவன் உயிரோடு இருக்க வேண்டும் என்பது மட்டும் விதி. மனுவில் இதுவரை பதினேழு கையெழுத்து. போட விரும்புகிறவர்கள் மதியம் சாப்பாட்டு இடைவேளையில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு வரலாம். பேனா கொண்டு வாங்க, என்னுடையது லீக் ஆகிறது.