மூன்று வெள்ளி அட்டையும் ஐம்பத்து நான்கு காசும்

கடந்த பள்ளி விடுமுறையில் என் தம்பி ‘முதலாளி’ ஆனான். படிவம் நான்கில் படிக்கும் அவன், ஆரம்பப் பள்ளிக் காலத்திலிருந்து சேர்த்து வைத்திருந்த போக்கிமோன் அட்டைகளை அம்மாவின் பெயரிலிருந்த இயங்கலைக் கடையில் விற்கத் தொடங்கினான். வீட்டுக் கூடம் முழுக்க உறைகளும் ஒட்டுநாடாவும். ஆறு வாரத்தில் முப்பத்தெட்டு ஆர்டர்கள். போர்ட் கிள்ளானில் இருந்துகொண்டு சபா, சரவாக் வரைக்கும் பொருள் அனுப்புகிறான் என்று அம்மாவுக்குப் பெருமை.

விடுமுறை முடியும் நேரத்தில் அவன் என்னிடம் வந்து, “அக்கா, முப்பத்தெட்டு ஆர்டர் போயிடுச்சி. ஆனா காசு எங்க போச்சின்னே தெரியல” என்றான்.

நான் தளவாடத் துறையில் பட்டயக் கல்வி பயில்கிறேன். செலவுக் கணக்கு எனக்குப் பாடமாகவே இருக்கிறது. இருவரும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். அன்றிரவு போட்ட கணக்கைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். அட்டை விற்காதவர்களுக்கும் இது பயன்படும். கைவளை, சாவிக்கொத்து, பழைய பாடநூல் என்று மலிவான எதை இயங்கலையில் விற்றாலும் கணக்கு இதேதான்.

ஓர் அட்டையின் கதை

அவன் ஓர் அட்டையை 3 வெள்ளிக்கு விற்றான். அஞ்சல் கட்டணம் வாங்குபவருடையது. அட்டையின் அடக்கவிலை சராசரியாக 80 காசு. அட்டை கீறாமல் இருக்க ‘ஸ்லீவ்’ எனப்படும் மெல்லிய உறை 5 காசு. வளையாமல் இருக்க ‘டாப்லோடர்’ எனப்படும் கெட்டியான பிளாஸ்டிக் உறை 60 காசு. வெளியுறை 40 காசு. தளத்தின் தரகும் பணப் பரிமாற்றக் கட்டணமும் சேர்ந்து ஏறக்குறைய பத்து விழுக்காடு, அதாவது 30 காசு. அதற்கு மேல் ஒவ்வோர் ஆர்டருக்கும் நிலையான கட்டணம் 54 காசு.

கூட்டினால் 2 வெள்ளி 69 காசு. மிச்சம் 31 காசு.

முப்பத்தெட்டு ஆர்டருக்கு 11 வெள்ளி 78 காசு கிடைத்திருக்க வேண்டும். ஆனால் நான்கு பேர் அட்டை வளைந்துவிட்டது, வந்து சேரவில்லை என்று புகார் செய்ய, பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். அப்படித் திருப்பிக் கொடுத்த ஒவ்வொன்றிலும் அட்டையும் உறைகளும் சேர்ந்து 1 வெள்ளி 85 காசு கைவிட்டுப் போனது. ஒரு புகார் ஆறு ஆர்டர்களின் ஆதாயத்தை விழுங்கிவிடும் என்பதை அன்றுதான் அவன் கண்டான். ஒட்டுநாடா, முகவரி அச்சிட்ட தாள், ‘நன்றி’ அட்டை என்று இன்னொரு 12 வெள்ளி. கடைசி வரியில் வந்து நின்ற எண்: 8 வெள்ளி 86 காசு நட்டம்.

அவன் உழைப்புக்கு நாங்கள் இன்னும் விலையே போடவில்லை. படம் எடுப்பது, பதிவேற்றுவது, கேள்விக்குப் பதில் சொல்வது, உறையிடுவது எல்லாம் சேர்த்து ஓர் ஆர்டருக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே நல்லபடியாக நடந்தாலும் மணிக்கு 1 வெள்ளி 86 காசுதான். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்தபோது, மணிக்கணக்கில் அது 8 வெள்ளி 72 காசு.

54 காசு யாருக்குக் கனம்?

இந்த நிலையான கட்டணம் அண்மையில் வந்தது. 2025 ஜூலை 16 முதல் ஷோப்பி நிறுவனம் மலேசியாவில் நிறைவடையும் ஒவ்வோர் ஆர்டருக்கும் ‘தள ஆதரவுக் கட்டணம்’ என்று 54 காசு வசூலிக்கத் தொடங்கியது. ஐம்பது காசு கட்டணம், அதன் மேல் 8 விழுக்காடு சேவை வரி 4 காசு. ‘அரை வெள்ளிதானே’ என்று பலரும் கடந்து போனார்கள். ஆனால் விழுக்காட்டில் வைத்துப் பாருங்கள். நூறு வெள்ளி காலணி விற்பவருக்கு அது அரை விழுக்காட்டைச் சற்றே தாண்டும். இருபது வெள்ளிப் பொருளுக்கு 2.7 விழுக்காடு. என் தம்பியின் மூன்று வெள்ளி அட்டைக்கோ 18 விழுக்காடு.

தரகு என்பது விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். நிலையான கட்டணம் யானைக்கும் எறும்புக்கும் ஒரே எடைக் கல்லைக் கட்டுகிறது. தளங்களைக் குறை சொல்ல மட்டும் இதை எழுதவில்லை. ஓர் ஆர்டரைக் கையாள அவற்றுக்கும் செலவு உண்டு. அந்தச் செலவு பொருளின் விலையைப் பார்த்துக் குறைவதில்லை. ஆனால் முதன்முதலில் வணிகம் கற்க வரும் மாணவர்களும் இல்லத்தரசிகளும் விற்பது பெரும்பாலும் மலிவான பொருள்களைத்தான். சிறு வணிகரை ஊக்குவிக்க வேண்டும் என்று பேசும் நாட்டில், ஐந்து வெள்ளிக்குக் கீழான ஆர்டர்களுக்கு இந்தக் கட்டணத்தில் விலக்கு கேட்பது நியாயமான கோரிக்கை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவரைக் காக்கவே எழுதப்பட்டது. தளத்திடம் கட்டணம் செலுத்தும் சிறு விற்பனையாளருக்கு அதில் பெரிய துணை இல்லை. இந்த இடைவெளியைப் பற்றி நம் இளையோர் அமைப்புகள் பேச வேண்டும்.

அப்பா சொன்ன பாடம்

நாங்கள் கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, கொள்கலன் லாரி ஓட்டுநர். வெஸ்ட்போர்ட்சுக்கும் நார்த்போர்ட்டுக்கும் இருபது ஆண்டுகளாக ஓட்டுகிறார். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒரே வரியில் முடித்தார்: “காலி கொள்கலன இழுத்துட்டுப் போனாலும் டோல் அதேதான்டா.”

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாமாகத் தொடங்கி, 1972இல் பெயர் மாறிய இந்தத் துறைமுகம் 2024இல், இருபது அடிக் கொள்கலன் கணக்கில், 14.6 மில்லியன் கொள்கலன்களைக் கையாண்டது. அவற்றுள் பல, ஒரே வணிகரின் சரக்கால் நிரம்பியவை அல்ல. ஒரு முழுக் கொள்கலனை நிரப்ப முடியாத சிறு வணிகர்கள் பலரின் சரக்கை ஒன்றாகச் சேர்த்து ஒரே கொள்கலனில் ஏற்றுவார்கள். பயணச் செலவு அத்தனை பேருக்கும் பிரிந்துவிடும். தம்பி செய்தது என்ன? ஒவ்வொரு தீப்பெட்டிக்கும் ஒரு கொள்கலன் பிடித்திருக்கிறான்.

உடனே கணக்கை மாற்றிப் போட்டோம். ஒரே வகையைச் சேர்ந்த பத்து அட்டைகள் ஒரு தொகுப்பு. விலை 20 வெள்ளி. அடக்கவிலை 8 வெள்ளி. பத்து ஸ்லீவ் 50 காசு. பத்தையும் நடுவில் வைத்து இரு பக்கமும் தாங்க இரண்டே டாப்லோடர், 1 வெள்ளி 20 காசு. வெளியுறை 40 காசு. தரகு 2 வெள்ளி. நிலையான கட்டணம் அதே 54 காசு. மொத்தம் 12 வெள்ளி 64 காசு. மிச்சம் 7 வெள்ளி 36 காசு.

அட்டையின் விலையை 3 வெள்ளியிலிருந்து 2 வெள்ளிக்கு இறக்கியும், ஓர் அட்டைக்கான ஆதாயம் 31 காசிலிருந்து 73 காசுக்கு மேல் ஏறிவிட்டது. வாங்குபவருக்கும் லாபமே. அஞ்சல் கட்டணம் 5 வெள்ளி என்றால், தனி அட்டைக்கு அவர் மொத்தம் 8 வெள்ளி கொடுத்தார்; தொகுப்பில் ஓர் அட்டைக்கு இரண்டரை வெள்ளிதான் ஆகிறது.

இதே சிக்கல் அமெரிக்காவிலும் உண்டு. அங்கே ஒரு டாலர் அட்டையைத் தடமறியும் வசதியுள்ள பார்சலில் அனுப்ப அதைவிடப் பல மடங்கு செலவாகும். 2021இல் ஈபே நிறுவனம், 20 டாலருக்கு உட்பட்ட அட்டைகளைத் தடமறியும் வசதியோடு சாதாரணக் கடித உறையில் அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. 2022இல் ஈபே வாங்கிய டி.சி.ஜி.பிளேயர் தளத்தில் இன்னொரு வழி இருந்தது: பல விற்பனையாளர்களின் அட்டைகளை ஒரே மையத்துக்கு வரவழைத்து, வாங்குபவருக்கு ஒரே பார்சலாக அனுப்புவது. அப்பா சொன்ன கொள்கலன் பாடம்தான் அங்கேயும்.

அரிய அட்டை என்னும் கனவு

‘ஓர் அட்டை கிடைத்தால் போதும், வாழ்க்கையே மாறிவிடும்’ என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 2022இல் லோகன் பால் என்ற அமெரிக்க யூடியூபர், ஒரு பிக்காச்சு அட்டைக்கு 5.275 மில்லியன் டாலர் கொடுத்ததாகக் கின்னஸ் சாதனையில் இடம்பெற்றார். அந்தச் செய்தி பலரை அட்டைப் பொட்டலங்களின் பக்கம் இழுத்தது. ஆனால் அவர் வாங்கியது தொண்ணூறுகளில் ஜப்பானில் ஓவியப் போட்டி வெற்றியாளர்களுக்கென அச்சிட்ட, கடையில் விற்காத அட்டை. நாம் கடையில் வாங்கும் அட்டையோ வேறு. 1996இல் ஜப்பானில் தொடங்கிய போக்கிமோன் அட்டைகள் 2025 மார்ச் வரை 75 பில்லியனுக்கு மேல் அச்சிடப்பட்டுள்ளன; அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் வரை 64.8 பில்லியன். ஒரே ஆண்டில் பத்து பில்லியன்! இவ்வளவு அச்சிடப்படும் பொருளில் சாதாரண அட்டை அரிதாகவே ஆகாது.

பேராசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2025 ஆகஸ்டு மாதம் ஒரு சான்று. ஜப்பானில் மெக்டொனால்ட்ஸ், குழந்தைகளுக்கான உணவோடு போக்கிமோன் அட்டை வழங்கியபோது, மறுவிற்பனைக்காரர்கள் மொத்தமாக வாங்கி, அட்டையை எடுத்துக்கொண்டு உணவை வீசிவிட்டுப் போனார்கள். நிறுவனம் பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

ஆகவே, விற்பதற்காகப் புதிய பொட்டலங்களை வாங்கிப் பிரிப்பதைத் தம்பி நிறுத்திவிட்டான். பொட்டலம் பிரிப்பது பொழுதுபோக்கு. அதன் செலவை வணிகக் கணக்கில் எழுதினால் நட்டம் நிச்சயம். வெளிநாட்டிலிருந்து வாங்குவோரும் கவனிக்க வேண்டும்: 2024 ஜனவரி 1 முதல், 500 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருள்களை இயங்கலையில் வாங்கும்போது 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. வெளிநாட்டுக்கு விற்க நினைப்போருக்கும் நிலைமை மாறியிருக்கிறது. 800 டாலருக்கு உட்பட்ட பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்டு 29 அன்று நீக்கியது. இந்திய அஞ்சல் துறை உட்படப் பல நாட்டு அஞ்சல் துறைகள் அங்கே பொருள் அனுப்புவதைச் சில காலம் நிறுத்தி வைத்தன. மூன்று வெள்ளி அட்டையைக் கடல் தாண்டி அனுப்பும் காலம் இதுவல்ல.

தொடங்கும் முன் நான்கு செயல்கள்

முதலாவது, குறைந்தபட்ச ஆர்டர் தொகையை முடிவு செய்யுங்கள். உங்கள் நிலையான செலவை, அதாவது உறை, ஆர்டர் கட்டணம் இரண்டையும் கூட்டுங்கள். அந்தத் தொகை விற்பனை விலையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், தனியாக விற்காமல் தொகுப்பாக விற்பது நல்லது. எங்கள் கணக்கில் பதினைந்து வெள்ளிக்குக் குறைந்த ஆர்டர் இல்லை என்று முடிவெடுத்தோம்.

இரண்டாவது, அட்டையின் குறையை நீங்களே முதலில் சொல்லுங்கள். முனை மழுங்கியிருந்தால் அதைப் படமெடுத்துப் போடுங்கள். மறைத்து விற்பதால் கிடைக்கும் ஒரு வெள்ளியை, ஒரு புகார் வட்டியோடு திருப்பி வாங்கிக்கொள்ளும். போலி அட்டை என்று தெரிந்தும் விற்பது ஏமாற்று வேலை. அதற்குச் சட்ட விளைவுகளும் உண்டு.

மூன்றாவது, பதிவு. சொந்தச் சேமிப்பை ஒருமுறை விற்றுத் தீர்ப்பது வேறு. வாங்கி வாங்கி விற்பது வேறு. தொடர்ந்து வணிகம் செய்தால் எஸ்.எஸ்.எம். எனும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அதற்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும். முழுநேர உயர்கல்வி மாணவர்களுக்கான இலவசப் பதிவுச் சலுகையைப் பற்றி ஆணையத்திடம் கேட்டுப் பாருங்கள். வயது நிறையாத மாணவர்கள் பெற்றோருக்குத் தெரிந்து, அவர்கள் மேற்பார்வையிலேயே விற்க வேண்டும். அம்மா பெயரில் கடை இருந்தால், புகாருக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அம்மாதான்.

நான்காவது, கூட்டு. ஐந்து நண்பர்கள் தனித்தனியே ஐந்து கடை நடத்துவதைவிட, ஒரே கடையில் ஐவரின் அட்டைகளையும் அடுக்கினால் ஒருவர் தேடுவது இன்னொருவரிடம் இருக்கும், ஆர்டர் பெரிதாகும். நம் இடைநிலைப்பள்ளிகளில் கூட்டுறவுக் கழகங்கள் இருக்கின்றன. பொறுப்பாசிரியர் இசைந்தால், இதை அங்கேயே ஒரு சிறு திட்டமாக நடத்திப் பார்க்கலாம். கணக்கியல் பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறைப் பயிற்சி எது?

தம்பி இப்போது வாரத்தில் ஒரே நாள், சனிக்கிழமை மட்டும் உறையிடுகிறான். கடந்த மாதம் ஆறே ஆர்டர்கள், எல்லாம் தொகுப்புகள். புகார் இல்லை. கையில் 44 வெள்ளி 16 காசு மிச்சம். முப்பத்தெட்டு ஆர்டரில் வராத பணம் ஆறில் வந்திருக்கிறது.

“ஆர்டர் கம்மியாயிடுச்சே, வருத்தமா இல்லையா?” என்று கேட்டேன்.

“லாரி நெறைஞ்சிதானே போவுது, அக்கா” என்றான். அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

மாணவ நண்பர்களே, எத்தனை விற்றீர்கள் என்று உலகம் கேட்கும். இரவில் நோட்டைத் திறந்து, எவ்வளவு மிஞ்சியது என்று கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.